மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் ரீசெட் செய்யலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. நேற்று மாலையிலிருந்து நெட் இல்லை. மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. கணினிக்குப் பின்னால் நெட் கேபிள் செருகும் இடத்திலும் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிகிறது. மோடத்தை ரீசெட் செய்தால் சரியாகுமா?

பதில்: ரீசெட் பட்டன் பக்கமே போகாதீர்கள். அந்தச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்.ஓ.எஸ். (LOS, அதாவது சிக்னல் இல்லை) என்று இருந்தால், ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை, அல்லது மிகவும் மங்கி வருகிறது என்று பொருள். கோளாறு லைனில் இருக்கும்போது மோடத்தின் செட்டிங்கை அழித்து என்ன பயன்? குண்டூசியை விட்டு ரீசெட்டை அழுத்தினால் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் போய்விடும். அப்புறம் லைன் சரியானாலும் நெட் வராமல் போகலாம்.

எல்.ஓ.எஸ். பக்கத்திலேயே பான் (PON) என்றொரு விளக்கு இருக்கும். அது பச்சையாக நிலையாக எரிந்தால், கம்பெனியின் கருவியோடு மோடம் இணைந்துவிட்டது. மினுக்கினால், இணைய முயல்கிறது. பான் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஃபைபரைச் சந்தேகிக்க வேண்டாம். லாகின் விவரம், பில் பாக்கி இரண்டையும் பாருங்கள்.

இனி உங்கள் சிவப்பு விளக்கு. மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் ஒயரை அது வரும் வழி முழுக்கப் பாருங்கள். கதவிடுக்கு, பீரோவின் பின்புறம், ஆணியில் சுற்றிவைத்த இடம் என்று எங்கே மடங்கியிருந்தாலும் அங்கே ஒளி வெளியே கசிந்துவிடும். வளைவின் ஆரம் 3 செ.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. கனெக்டரை ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திவிடுங்கள். அண்மையில் யாராவது பேட்ச் கார்டை (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறிய ஃபைபர் ஒயரை) மாற்றினார்களா? பச்சை முனை 8 டிகிரி சாய்வாகவும் நீல முனை நேராகவும் தேய்க்கப்பட்டவை. இரண்டையும் கலந்து செருகினால் ஒளி பாதியில் வீணாகும்.

ஒன்று மட்டும் கவனம்: கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஒன்றும் தெரியவில்லையே என்று குழந்தைகள் உற்றுப் பார்ப்பார்கள். அவர்களையும் அருகே விடாதீர்கள். முனையை விரலால் தொட்டால் எண்ணெய்ப்பசை படிந்து சிக்னல் இன்னும் மங்கும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ஒயர் வெளியே எங்கோ அறுந்திருக்கலாம். புகார் கொடுக்கும்போது “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாமல் “எல்.ஓ.எஸ். சிவப்பாக மினுக்குகிறது” என்று சொல்லுங்கள். அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வருவார். வேலை முடிந்ததும், வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் அளவு என்ன என்று கேளுங்கள். மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட ஒளி மங்கல் என்று பொருள். மைனஸ் 20 டி.பி.எம். சுற்றி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் இன்று விளக்கு அணைந்தாலும் சீக்கிரமே திரும்ப எரியும்; அப்படியே விட்டுப்போக விடாதீர்கள்.

கணினியில் எரியும் ஆரஞ்சு விளக்கு கோளாறல்ல. அந்த போர்ட்டில் வழக்கமாக இரண்டு விளக்குகள் இருக்கும்: ஒன்று தகவல் போய்வரும்போது மினுக்கும், மற்றது வேகத்தை நிறத்தால் காட்டும். ஒரு கம்பெனி போர்ட்டில் ஆரஞ்சு என்றால் வேகம் 1000 எம்.பி.பி.எஸ். (Mbps), இன்னொன்றில் 100. அதனால் நிறத்தை நம்பாமல் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடை (இணைப்பின் வேகத்தை) பாருங்கள். மோடமும் கணினியும் 1000 தாங்கும் என்றிருந்தும் அங்கே 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100 வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். பெரும்பாலும் இரண்டு முனைகளையும் புதிதாக கிரிம்ப் செய்தாலே (புது பிளக்கை அழுத்திப் பொருத்தினாலே) சரியாகிவிடும்.