இன்னும் பொட்டியத் தொறந்து வச்சுட்டு நிக்கிற தம்பிக்கு

இந்த தடவை ரெண்டே ரெண்டு கேள்விதான் எடுத்திருக்கேன். முதல் கடிதம் ஏழு பக்கம், இடத்துக்காக சுருக்கிட்டேன், ஆனா வார்த்தை அவரோடதுதான்.

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயசு. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனில சப்போர்ட் வேலை, கைக்கு 27,000 வருது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சேன். அப்போ குண்டா இருப்பேன், பேசும்போது கொஞ்சம் திக்கும். போன மொத நாள் நைட்டே எனக்கு ஒரு பேர் வச்சாங்க, அத இங்க எழுத மாட்டேன். பக்கெட்ட ஒளிச்சு வைப்பாங்க, போர்வைல தண்ணி ஊத்துவாங்க, நான் திக்குறத பண்ணிக் காட்டி சிரிப்பாங்க. வார்டன்கிட்ட ஒரு தடவை சொன்னேன், பசங்கன்னா அப்படித்தான்டான்னாரு. அம்மா மாசம் ஒரு தடவை முறுக்கு, எள்ளுருண்டைன்னு ஒரு டப்பா நிறைய கொண்டு வருவாங்க, அவங்க பஸ் ஏறுனதும் நானே ட்ரங்கு பொட்டிய தொறந்து வச்சு எல்லாரையும் கூப்டுருவேன், அன்னைக்கு நைட் மட்டும் பெரும்பாலும் விட்டுருவாங்க.

இப்போ டீம்ல டீக்குப் போனா நான்தான் ஜிபே பண்றேன், யாரும் பண்ணுன்னு சொல்லல, நானே பண்ணிடுறேன். போன மாசம் கூட்டிப் பாத்தா 6,400 ரூவா. பைக் கேட்டா குடுத்துட்டு நான் பஸ்ல போவேன். மெசேஜ் போட்டு ப்ளூ டிக் வந்தும் பதில் வரலனா நான் என்ன தப்பா சொன்னேன்னு மேல மேல போயி படிச்சுப் பாத்துட்டு சாரி மச்சின்னு ஒண்ணு போடுவேன், எதுக்கு சாரின்னு எனக்கே தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடி டீம் மொத்தமும் ஏலகிரி போயிருக்காங்க, எனக்கு சொல்லல, என் பைக்க வாங்கிட்டுப் போனவனும் அதுல இருந்தான், ஸ்டேட்டஸ் பாத்துதான் தெரிஞ்சுது. நான் என்ன பண்ணேன் தெரியுமாக்கா, தீ எமோஜி போட்டு சூப்பர் மச்சின்னு அனுப்பிட்டு பாத்ரூம்ல போயி அழுதேன்.

ஸ்கூல் பேட்ச் க்ரூப்ல அன்னைக்கு பேர் வச்சவன் இன்னும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடுறான், நானும் சிரிக்கிற எமோஜி போடுறேன், கெட் டுகெதருக்கு ஹால் புடிக்கிற வேலையக் கூட நானே இழுத்துப் போட்டுகிட்டேன். ரூம்ல ஒரு அண்ணன் இருக்காரு, டீ வாங்கிட்டு வந்தா உடனே காச எடுத்து டேபிள்ல வச்சுடுவாரு, அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல, ஒரு மாதிரி பயமா இருக்கு. ஊருக்குப் போனா எங்க கிணத்துல மேல இருந்து குதிப்பேன், அங்க மட்டும் நல்லா இருக்கும். நான் ஏன் நாய் மாதிரி எல்லார்கிட்டயும் வாலாட்டுறேன்? அந்த பேர் வச்சவன்கிட்ட போயி நீ பண்ணது தப்புன்னு ஒரு தடவை கேட்டுட்டா இது சரியாகிடுமா?

பெயர், ஊர் வெளியிட வேண்டாம்

பதில்: தம்பி, நாய்னு எழுதிருக்க பாரு, அத மொதல்ல அடிச்சுடு. அவனுங்க வச்ச பேர எழுத மாட்டேன்னு சொல்லிட்டு, நீயே உனக்கு இன்னொரு பேர் வச்சு ஸ்டாம்ப் ஒட்டி எனக்கு அனுப்பிருக்க.

நான் திரும்பத் திரும்பப் போயி படிச்சது அந்த முறுக்கு டப்பா இடத்தத்தான், நீ என்னவோ போற போக்குல எழுதிட்டுப் போயிட்ட. யோசிச்சுப் பாரு. பதினாறு வயசுப் பையன், வீடு தூரம், வார்டன் கை கழுவிட்டாரு, சண்டை போட தெம்பும் இல்ல துணைக்கு ஆளும் இல்ல, விடிஞ்சா எழுந்தா அதே மூஞ்சிங்க, ராத்திரி அதே ரூம்ல அவனுங்க பக்கத்துலயே பாய் போட்டு படுக்கணும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாதுங்கிற இடத்துல மாட்டுனவன், அடிக்கிறவன குஷிப்படுத்தியாவது பாப்போம்னுதான் பாப்பான். நீயும் பாத்த, அது வேலையும் செஞ்சுது. அன்னைக்கு உன்கிட்ட இருந்த ஒரே ஆயுதம் உங்க அம்மா சுட்ட முறுக்கு, அத வச்சு மாசத்துல ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கிருக்க. அதுக்காக நீ வெக்கப்படவே கூடாது. இப்ப டீக்கடைல எல்லாருக்கும் முந்தி போன எடுத்து ஸ்கேன் பண்ற பாரு, அதுவும் அதே பொட்டிதான்டா. அங்க போர்வைல தண்ணி ஊத்த யாரும் இல்ல, உனக்கும் அது தெரியும், ஆனா உன் கைக்கு இன்னும் தெரியல.

அதுலயும் 'பெரும்பாலும்' விட்டுருவாங்கன்னு எழுதிருக்க, அந்த வார்த்தை ரொம்ப முக்கியம். ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் புறாவ வச்சு நிறைய சோதனை பண்ணாரு. ஒவ்வொரு தடவை கொத்தும்போதும் தீனி விழுந்து பழகுன புறா, தீனி நின்னு போச்சுன்னா கொஞ்ச நேரத்துல விட்டுடும். எப்போ விழும்னே தெரியாம எப்பவாச்சும் விழுந்து பழகுன புறா இருக்கே, அது தீனி நின்னப்புறமும் ரொம்ப நேரம் கொத்திகிட்டே இருக்கும். லாட்டரி வாங்குறவன் விட முடியாம வாங்கறதும் இதனாலதான். உனக்கு சில நாள் விட்டாங்க, சில நாள் விடல, இப்பவும் பத்து மெசேஜ் போட்டா எதோ ஒண்ணுக்கு ஹார்ட் வருது, அடுத்த பத்துக்கு அது போதுமே. இத நான் வெறும் சுபாவம்னு சொல்ல மாட்டேன், பழக்கி விட்டது. பழக்குனத கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்.

ஏலகிரி விஷயத்துல உன்ன நீ ரொம்ப சென்சிட்டிவ்னு நெனச்சுக்காத. 2003ல கலிபோர்னியால ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆளுங்கள ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு கம்ப்யூட்டர்ல மூணு பேர் பந்து தூக்கிப் போட்டு விளையாடுற மாதிரி ஒரு கேம் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மத்த ரெண்டு பேரும் இவருக்குப் பந்தே போடறதில்ல. அந்த ரெண்டு பேரும் நெசமான ஆளே கிடையாது, வெறும் புரோகிராம், ஆனாலும் உடம்புல அடிபட்டா மூளைல எங்கெங்க வேலை நடக்குமோ அதுல ஒரு பகுதி அப்பவும் வேலை செஞ்சுது. முகமே தெரியாதவன் பந்து போடலைன்னாலே அப்படின்னா, உன் பைக்க ஓட்டிட்டுப் போனவனே உன்ன விட்டுட்டுப் போனா வலிக்காம என்ன பண்ணும்? அழுததுல எனக்கு ஒரு குறையும் தெரியல. அதுக்கு முன்னாடி போட்ட தீ எமோஜிதான் எனக்கு உறுத்துது.

எனக்கும் இந்த வியாதி இருந்துச்சுடா. மொத வேலைல சேர்ந்தப்ப மதியம் சாப்ட்டதும் எல்லார் டிபன் பாக்ஸையும் வாங்கி நான்தான் கழுவுவேன், ஒருத்தரும் சொல்லல, நானா இழுத்துப் போட்டுகிட்டது, ஒரு வருஷம் கழுவிருப்பேன். காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவ் போட்டுட்டு வந்தேன், ஒருத்தி சொல்றா, நீ வரலையா, எங்க டப்பாலாம் நாறிப் போச்சுன்னு. காய்ச்சல் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவ கெட்டவ இல்ல, டப்பா கழுவுறவளாத்தான் நான் அவளுக்கு என்னக் காட்டிருக்கேன்.

சரி, என்ன பண்றதுன்னு கேப்ப. நாளைக்கே வீரமா மாறி எல்லாரையும் திட்டிட்டு க்ரூப்ப விட்டு வெளிய வந்துடாத, மூணாவது நாள் நீயே போயி சாரி கேட்டு டபுளா டீ வாங்கிக் குடுப்ப. ஒரு வாரம் டீக்கடைல மட்டும் ஆரம்பி. ஜிபே வேணாம், கைல சில்லறை வச்சுக்க, உன் டீக்கு மட்டும் காச குடுத்துட்டு கிளாஸ எடுத்துகிட்டு ஓரமா வந்து நில்லு. விளக்கம் எதுவும் சொல்லாத, மாசக் கடைசி, கை டைட்டுன்னு கத கட்டாத. நெஞ்சு அடிச்சுக்கும், எல்லாரும் உன்னையே பாக்குற மாதிரி இருக்கும். கார்னெல் யுனிவர்சிட்டில ஒரு ஸ்டூடண்டுக்கு பழைய பாடகர் ஒருத்தர் மூஞ்சி போட்ட, போட்டா மானம் போற மாதிரியான டிஷர்ட்ட மாட்டி விட்டு நாலஞ்சு பேர் இருக்குற ரூமுக்குள்ள அனுப்பிட்டு, எத்தன பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டாங்க. இப்படி பல பேர வச்சுப் பாத்ததுல, பாதிப் பேராவது பாத்திருப்பாங்கன்னு போட்டவங்க சொன்னாங்க, நெசமா கவனிச்சது கால்வாசிதான். 2000ல வந்த ஆராய்ச்சி இது. உன் டீ காசும் அந்த டிஷர்ட் மாதிரிதான்.

ஆனா ஒருத்தன் ரெண்டு பேர் கட்டாயம் கவனிப்பாங்க, யாருக்கு அந்த டீ லாபமோ அவங்க. என்னடா பெரிய ஆளாயிட்ட, மாறிட்டடான்னு கிண்டல் வரும். பட்டன அமுக்கி லிஃப்ட் வரலன்னா மனுஷன் உடனே படில போக மாட்டான், மொதல்ல நாலு தடவ அழுத்தி அமுக்குவான். அந்த மாதிரி அவங்களும் அமுக்குவாங்க, உள்ளுக்குள்ள உன் பயமும் அமுக்கும், மொத ரெண்டு மூணு வாரம் முன்னவிட மோசமாக் கூட தோணும். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்துலதான் திரும்பிப் போறது. பைக் கேட்டா உடனே சாவிய நீட்டாத, பாத்துட்டு சொல்றேண்டான்னு மட்டும் சொல்லு. குடுக்கணும்னு தோணுச்சுன்னா அப்புறம் குடு, அதுல தப்பே இல்ல. குடுத்துட்டு உடனே அவன் மூஞ்சியப் பாக்குறியா, இல்ல உன் வேலையப் பாக்கப் போயிடுறியா, எதுக்காகக் குடுத்தன்னு அதுலயே உனக்குத் தெரிஞ்சுடும்.

அந்த ரூம் அண்ணன் இருக்காரே, அவர்கிட்ட ஏன் பயம்னு புரியுதா? உன் கைல இருக்குற ஒரே காசு அவர்கிட்ட செல்லல. முறுக்கு வாங்காத ஆளு. முறுக்கு இல்லாம ஒருத்தர் முன்னாடி சும்மா உக்காந்து உனக்குப் பழக்கமே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழம அவர்கூட ஒண்ணுமே வாங்காம ஒரு வாக்கிங் போயிட்டு வா, பேச்சு வரலைன்னா பரவால்ல, திக்குனாலும் பரவால்ல.

இப்ப அந்த பேர் வச்சவன். டான் ஓல்வியஸ்னு நார்வேல இந்த விஷயத்துக்குன்னே வாழ்நாள் பூரா உழைச்சவரு, விளையாட்டுக்கும் கொடுமைக்கும் வித்தியாசம் காட்ட மூணு விஷயம் சொல்லுவாரு. வேணும்னே பண்றது, திரும்பத் திரும்ப பண்றது, ரெண்டு பக்கமும் பலம் சமமா இல்லாதது. உனக்கு நடந்தது மூணுலயும் சேரும், வார்டன் என்ன சொன்னா என்ன. 1996ல ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட ராகிங்ல கொன்ன அப்புறம்தான் 1997ல நம்ம தமிழ்நாட்டுல ராகிங்குக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு, அதுக்கப்புறமும் பசங்கன்னா அப்படித்தான்னு சொல்ற பெரியவங்களுக்குக் கொறச்சல் இல்ல.

அவன்கிட்ட போயி தப்புன்னு கேக்கட்டுமான்னா, இப்ப வேணாம்னுதான் சொல்லுவேன். அவன் ஆமாடா தப்புதான்னு சொன்னா நீ உருகிப் போயி ஹாலுக்கு அட்வான்சும் நீயே கட்டிடுவ, நான் எப்படா அப்படிப் பண்ணேன்னு சிரிச்சான்னா இன்னொரு ஆறு மாசம் தூக்கம் போயிடும். ரெண்டு பக்கமும் உன் மரியாதை அவன் வாய்லதான் இருக்கு. அடுத்த தடவை அந்த பேரச் சொன்னான்னா, என்ன என் பேர் சொல்லிக் கூப்பிடு, அந்த பேர் வேணாம்னு க்ரூப்லயே ஒரு வரி போடு. கீழ எமோஜி கிடையாது, சாரி கிடையாது. ரெண்டாவது தடவை சொன்னா க்ரூப்ப விட்டு வா. ஹால் புக்கிங் வேலைய இன்னைக்கே யார்கிட்டயாவது தள்ளி விட்டுடு.

கிணத்துக்கு வர்றேன். மேல இருந்து குதிக்கிறப்ப யாருடா உனக்கு லைக் போட்டா? அங்க குண்டுப் பையனும் இல்ல திக்குறவனும் இல்ல, தண்ணிய ஆழம் பாத்து குதிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், அவ்வளவுதான். அவன சென்னைக்கு கூட்டிட்டு வா. நீச்சல் குளத்துல சேரு, வாரத்துல ரெண்டு நாள், போட்டோ எடுக்காத, ஸ்டேட்டஸ் வைக்காத, யார்கிட்டயும் சொல்லாத. வாரம் ரெண்டு நாள்னு நீ உனக்கு சொன்னத நீயே காப்பாத்துனா போதும், மழை பேஞ்சாலும் போறது.

ஏழு பக்கத்துல நாலு இடத்துல தூக்கம் வரலன்னு எழுதிருக்க. 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022ல இருந்து நடக்குது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், நடு ராத்திரி கூட எடுப்பாங்க. நேர்ல பாக்கணும்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டுட்டுப் போகலாம். அங்க போனா பைத்தியம்னு அர்த்தம்னு எவனாச்சும் சொன்னா அவனுக்கும் டீ வாங்கிக் குடுக்காத.

கேள்வி: என் பொண்ணு எட்டாவது. பேனா, ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ்னு வாரம் ஒண்ணு காணாம போகுது. அதட்டிக் கேட்டா, குடுத்தாத்தான் பக்கத்துல உக்கார வைக்கிறாங்கன்னு அழறா, கருப்புன்னு கேலி வேற பண்றாங்களாம். அவங்கப்பா திருப்பி அடிச்சுட்டு வான்னு சொல்றாரு. நான் என்னங்க பண்றது?

ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: மேல இருக்குற தம்பி கடிதத்த உங்க வீட்டுக்காரர்கிட்ட படிக்கக் குடுங்க, நான் தனியா சொல்ல வேண்டியதில்ல. அடிக்கத் தெரிஞ்ச பொண்ணா இருந்தா பேனாவே போயிருக்காதே.

பேனா தொலைஞ்சதுக்கு இனிமே திட்டாதீங்க, திட்டுனா அடுத்த தடவை உங்ககிட்டயும் மறைக்கப் பழகிடுவா. அவ சொல்ற எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, ஒரு ரெண்டு வாரம். அத எடுத்துட்டுப் போயி கிளாஸ் டீச்சர தனியாப் பாருங்க, அந்தப் பொண்ணுங்க முன்னாடி வேணாம். எவ பக்கத்துல உக்காரணும்னு பசங்களே முடிவு பண்ற மாதிரி விடாம டீச்சர் இடத்த மாத்தி மாத்தி உக்கார வச்சாலே பாதி வியாபாரம் படுத்துடும். ஸ்கூல் கண்டுக்கலைன்னா கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417 இருக்கு, குழந்தைங்களுக்கு 1098 இருக்கு, அத பொண்ணுக்கே மனப்பாடம் பண்ணி வைங்க. கருப்புன்னு சொல்றது ஸ்கூல்ல மட்டும்தானா, வீட்டுக்கு வர்ற அத்தை சித்தி யாராச்சும் சொல்றாங்களான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, அப்படி சொன்னா அவ காது கேக்கவே நிறுத்தச் சொல்லுங்க. சாயங்காலம் வந்ததும் பேனா இருக்கான்னு பையத் தொறந்து பாக்காம, இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்ட்டன்னு கேளுங்க.