சுவருக்கு எந்த நிறம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடையில் ஷேட் கார்டைப் பார்த்து இளஞ்சந்தன நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அடித்து முடித்த பிறகு கூடம் முழுவதும் பகலில் பளீரென்ற மஞ்சளாகவும், இரவில் பச்சை கலந்ததைப் போலவும் தெரிகிறது. கடைக்காரர் வேறு நிறத்தைக் கலந்து கொடுத்துவிட்டாரா?
– வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரர் மீது தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஷேட் கார்டில் நீங்கள் பார்த்தது, வெள்ளைத் தாளின் நடுவே ஒட்டிய விரலகலத் துண்டு ஒன்றைத்தான். நான்கு சுவர்களிலும் அதே நிறம் ஏறும்போது, ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தையும் ஏந்திக்கொண்டு எதிர்ச்சுவரில் விழுகிறது. அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. இப்படி மாறி மாறிப் பட்டுப் பட்டு நிறத்தின் அழுத்தம் கூடிவிடுகிறது. மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சைச் சாயல்களில் இது நன்றாகவே கண்ணில் படும். ஆகவே கார்டில் மனத்துக்குப் பிடித்த நிறம் எதுவோ, அதே வரிசையில் அதற்கு ஓரிரு படி வெளிறிய நிறத்தை எடுப்பதே பாதுகாப்பானது.

இரவில் தெரியும் பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் விளக்காகத்தான் இருக்கும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் 6500 கெல்வின் வகையைச் சேர்ந்தவை. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் காட்டும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள் கூடும். அவற்றின் ஒளியில் நீலம் தூக்கலாக இருப்பதால் மஞ்சள் சுவர் பச்சையை நோக்கிச் சாயும். மறுபடி பெயின்ட் அடிக்க ஆள் தேடுவதற்கு முன்பாக, பெட்டியின் மேல் 3000 அல்லது 4000 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும் விளக்கு ஒன்றை மாட்டிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடவும் கூடும்.

அடுத்த முறை, 200 மில்லி மாதிரி டப்பா ஒன்றை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையிலோ பிளைவுட்டிலோ ஓரத்தில் நான்கு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கை அடித்துக் காயவையுங்கள். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். அட்டையை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துவைத்து, காலையிலும் மாலை வெயிலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் கூடத்துக்குப் பால்கனிப் பக்கம் மட்டுமே வெளிச்சம். வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்கிறார் கணவர். அது சரியா?
– வாசகி, சென்னை

பதில்: பாதி சரி. வெள்ளைச் சுவர், தன் மேல் விழும் ஒளியை வீணாக்காமல் திருப்பி அனுப்புமே தவிர, இல்லாத ஒளியை உண்டாக்காது. ஒளி எட்டாத மூலையில் தூய வெள்ளை, அழுக்குச் சாம்பலாகவே தெரியும். கூரைக்கு மட்டும் பளபளப்பற்ற வெள்ளையைக் கொடுத்துவிட்டு, சுவர்களுக்குச் சற்றே வெதுவெதுப்பான தந்த நிறத்தை அடியுங்கள். பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பால்கனிக் கதவு இருக்கும் அதே சுவர். வெளிச்சம் வரும் சுவர் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், ஒளி அதன் வழியாக வருகிறதே ஒழிய அதன் மேல் விழுவதில்லை. ஆகவே உங்கள் கூடத்தின் இருண்ட சுவர் அதுதான். அழுத்தமான நிறத்தை அங்கே அடித்தால், கதவின் வெளிச்சத்துக்கும் சுவரின் இருளுக்கும் இடையே கண் கூசும். இருப்பதிலேயே வெளிறிய நிறம் அதற்கு உரியது. அடர்நிறச் சுவர் ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டால், பால்கனிக்கு எதிர்ச்சுவர் தாங்கும்.

கேள்வி: தாத்தா கட்டிய பழைய வீடு. ரெட் ஆக்சைடு தரை, தேக்குக் கதவுகள், சுண்ணாம்புச் சுவர்கள். பட்டி பார்த்து வெளிர்பச்சை எமல்ஷன் அடிக்கலாம் என்று பெயின்டர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்பட வேண்டாம். மாற்ற முடியாதவை எவையோ அவற்றிலிருந்துதான் நிறத்தேர்வு தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் அவை தரையும் கதவுகளும். வெயில் உள்ளே வரும் நேரத்தில் சிவப்புத் தரை தன் நிறத்தைச் சுவரின் கீழ்ப்பாதியில் எறியும். வெள்ளைச் சுவரில் அது இளஞ்சிவப்புச் சாயலாகப் படர்ந்து அழகாக இருக்கும். வெளிர்பச்சையிலோ அந்தச் சிவப்பு பச்சையைக் கெடுத்துக் கலங்கலான சாம்பலாக்கிவிடும். அதோடு, சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதால் தரை இன்னும் அதிகச் சிவப்பாகத் தோன்றி உறுத்தும். மஞ்சள் துளி கலந்த வெள்ளைக்கு மேல் எந்த நிறமும் இந்தத் தரைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நிறத்தைவிடப் பூச்சு எது என்பது இங்கே முக்கியம். சுண்ணாம்புக் கட்டுமானம் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுவர்ப்பரப்பின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்தால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரியும். வடிகட்டிய சுண்ணாம்பில் நிறப்பொடி கலந்து அடிப்பதே பொருந்தும். எல்லாப் பொடியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரின் வகை நீலம் ஆகியவை தாங்கும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஈரமாக இருக்கும்போது இந்தப் பூச்சு அழுக்குத் தண்ணீர் பூசியதைப் போல, பழைய சுவர் தெரியுமாறு இருக்கும். காயக் காயத்தான் வெளுத்து மூடிக்கொள்ளும். ஆகவே அடித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பொடியைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

கேள்வி: வாஸ்துப்படி தென்கிழக்குச் சமையலறைக்குச் சிவப்பு அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: நம்பிக்கை உங்களுடையது, அதில் தலையிட மாட்டேன். ஆனால் காய்கறியின் வாட்டமும் எண்ணெயின் நிறமும் சிவப்புச் சுவர்களுக்கு நடுவே சரியாகத் தெரியாது. அலமாரிக் கதவு ஒன்றில் சிவப்பைக் கொடுத்துவிட்டுச் சுவர்களை வெளிறிய நிறத்தில் விடுங்கள்.

கேள்வி: புது வீட்டின் வெளிச்சுவருக்கு அடர்சாம்பலும் ஒரு பக்கம் பளிச்சென்ற சிவப்பும் அடிக்க மகன் விரும்புகிறான். நிறம் நிற்குமா?
– வாசகர், மதுரை

பதில்: சாம்பல் நிற்கும்; பளிச்சிவப்பு வெளுக்கும் வாய்ப்பு அதிகம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஊதா நிறங்களுக்குச் சேர்க்கப்படும் சாயங்கள் பலவும் வெயிலில் சிதைபவை. செங்காவி, மண்மஞ்சள், சாம்பல் போன்றவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடிலும் கரியிலும் உருவாவதால் நீண்ட நாள் தாங்கும். மகனிடம் பளிச்சிவப்புக்குப் பதிலாகச் செங்காவியைக் காட்டிப் பாருங்கள். அடர்சாம்பலுக்கு வேறொரு குறை உண்டு: மேற்குச் சுவரில் அடித்தால் பிற்பகல் வெயிலை முழுவதும் குடித்துவிட்டு, இரவு படுக்கும் நேரத்தில் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். மதுரைக் கோடையில் அது சிறிய தொல்லையன்று. கிழக்கிலோ வடக்கிலோ அடித்துக்கொள்ளட்டும்.

புதுச் சிமென்ட் பூச்சு என்பதால், குறைந்தது 28 நாளாவது ஆறவிட்டு, பிரைமர் எனும் அடிப்பூச்சு அடித்த பிறகே நிறத்துக்குப் போங்கள். இல்லையென்றால் பூச்சின் காரமே நிறத்தைத் தின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால், வெளிவேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. இயந்திரத்தில் கலந்த நிறத்தின் குறியீட்டு எண் டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும். மூடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.