பூசினாற்போல இருப்பவர்கள் கவுன், ஸ்கர்ட்டுக்கு மேல் கார்டிகன் போடலாமா?

ஆபீஸ் ஏசி குளிருக்குக் கார்டிகன் (முன்னால் பட்டன் வைத்த பின்னல் மேலாடை) போட்டால் ஆள் இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் உடம்பில் இல்லை, கார்டிகன் முடியும் இடத்தில். இடுப்புக்குக் கீழே, உடம்பு மிக அகலமாக இருக்கும் இடத்தில் விளிம்பு வந்து நின்றால் பார்வையும் அங்கேயே நிற்கும். கவுனுக்கு மேல் போடுவது இடுப்பு ஒடுங்கும் இடத்தோடு முடியட்டும். இல்லையென்றால் தொடை நடுவரை இறங்கி, பட்டன் போடாமல் திறந்தே தொங்கட்டும்.

இடுப்பில் ஒடுங்கிக் கீழே விரியும் ஏ-லைன் ஸ்கர்ட்டா? மெல்லிய பின்னல் டாப்பின் முன்பக்கத்தை மட்டும் உள்ளே செருகுங்கள். வி கழுத்து என் கட்சி.

தடிமனான கம்பளி சென்னைக்கு எதற்கு? மார்கழியிலும் வேர்க்கும். திருப்பூர்ப் பருத்திப் பின்னலே போதும். கடையில் விளிம்பை இழுத்து விடுங்கள். பழையபடி சுருங்காவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பட்டன் போட்டுக் கையைத் தூக்கும்போது மார்பருகே இடைவெளி விட்டால் ஒரு சைஸ் பெரிது எடுங்கள். கவுனே பின்னல் துணி என்றால் உள்ளே வழுக்கலான ஸ்லிப் போடுங்கள், ஒட்டாது.

அப்புறம், துவைத்ததைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரத்தின் கனத்தில் நீண்டு, அளந்து வாங்கிய விளிம்பு கீழே இறங்கிவிடும். துண்டின் மேல் விரித்துக் காயவையுங்கள்.