டான்சிலை எடுத்தால் எதிர்ப்பு சக்தி குறையுமா?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு இந்த வருடம் நான்கு முறை டான்சில் வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. 'உள்நாக்கு வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடு' என்கிறார்கள் உறவினர்கள். எடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடாதா?

பதில்: உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இருபுறமும் தொண்டைச் சுவரில் பதிந்திருக்கும் சதை உருண்டைகள்தான் டான்சில். டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே குழிகுழியாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் 10 முதல் 30 குழிகள் உண்டு. வாய்க்கு வரும் கிருமிகள் இவற்றில் சிக்கும்போது, உள்ளிருக்கும் வெள்ளணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கின்றன. 'வடிகட்டி' என்பார்கள், கிருமியைப் படித்துக்கொள்ளும் இடம் என்பதே சரி. அந்தப் படிப்பு மும்முரமாக நடப்பது 3 வயதிலிருந்து 10 வயதுவரை. ஆகவே இந்த வயதில் டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே நோயாகாது. பருவ வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்கும்.

மூக்கின் பின்புறம் அடினாய்டு, அடிநாக்கில் இன்னொரு தொகுப்பு என இதே வகைத் திசு தொண்டையைச் சுற்றி வளையமாக இருக்கிறது. அதனால் டான்சிலை எடுத்தாலும் எதிர்ப்பு சக்தி பெரிதாகக் குறைவதில்லை. அதற்காக அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டாம். ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடம் ஆண்டுக்கு 3 முறை என்பதுதான் மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு. வெறும் தொண்டை கரகரப்பு இதில் சேராது, கூடவே 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் சீழ்ப்படலம், ஸ்ட்ரெப் (தொண்டையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) கிருமி உறுதியாதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் மகன் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. தேதி, காய்ச்சல் அளவு இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலான தொண்டைவலி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அங்கே வீண். ஸ்ட்ரெப் என்று உறுதியானால், பென்சிலின் வகை மருந்தை வழக்கமாக 10 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே வலி விட்டாலும் நிறுத்தாதீர்கள். ஸ்ட்ரெப்பைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகலாம்.

கேள்வி: என் டான்சிலில் வெள்ளையாகச் சிறு மணிகள், வாயில் நாற்றம். எடுக்கலாமா?

பதில்: குழியில் தேங்கிய உணவுத் துணுக்கும் கிருமியும் இறுகிய டான்சில் கற்கள் அவை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பிட்டுக் கொப்பளித்தால் பல தாமாக உதிரும். ஊசி, பின் வேண்டாம், ரத்தம் வரும். ஆனால் ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் கல் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.