காசு கொடுத்து வாங்கிய மின்நூல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் மின்நூல்கள் வாங்குகிறேன். அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பழைய ரீடர் பழுதாகி, வேறு கம்பனியின் ரீடர் எடுத்தேன். அதில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தங்கச்சிக்குக் கொடுக்கவும் வழியில்லையாம். காசு கொடுத்தது நான்தானே, புத்தகம் என்னுடையது இல்லையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, சகோதரி. ஆனால் அந்தக் கடையின் நிபந்தனைகளைத் திறந்து பாருங்கள். நீங்கள் வாங்கியது வாசிக்கும் அனுமதி மட்டுமே என்றுதான் அநேகமாக எழுதியிருக்கும். கோப்புக்கு டிஆர்எம் என்ற பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் கணக்கோடு கட்டிவிடுகிறார்கள். வேறு கம்பனியின் ரீடரிடம் அந்தச் சாவி இல்லை.

மருதானை விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூலை நீங்கள் வாசித்துவிட்டு விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். மின்நூலுக்கு அந்த உரிமை கிடைப்பதில்லை. வாசித்து முடித்த மின்நூலை மறுவிற்பனை செய்யப் பதிப்புரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

விற்றவர் நினைத்தால் திருப்பி எடுக்கவும் முடியும். 2009 இல் அமேசன், ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில் ரீடர்களிலிருந்து சொல்லாமல் அழித்தது. பதிப்பித்தவரிடம் உரிமை இருக்கவில்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் எல்லாமே போயின. பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலதிகமாக 25 டொலர். ஒருவர் வருடக்கணக்கில் எழுதிய ஓரக்குறிப்புக்கு 25 டொலர் ஈடாகுமா?

பொத்தானில் ‘வாங்கு’ என்று போட்டுவிட்டு, அனுமதி என்பதை யாரும் படிக்காத பக்கத்தில் வைப்பது ஏமாற்று என்றே நான் கருதுகிறேன். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது அனுமதி என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

இப்போதைக்கு, அதே கடையின் செயலியைப் போனில் போட்டுப் பழைய கணக்கால் நுழைந்து பாருங்கள். கணக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். பற்றுச்சீட்டு மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்துங்கள். ரீடரைக் கொழும்பில் வாங்கும்போது “எல்லா மின்நூலும் திறக்கும்” என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், பில்லோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

இனி வாங்கும்போது ‘டிஆர்எம் இல்லை’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, பல ரீடர்களிலும் திறக்கும் ஈபப் கோப்பாக இறக்கி, கணினியிலும் பென்டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். இறக்கும் வசதி நாளைக்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசன் 2025 பெப்ரவரி 26 இல் நிறுத்தியது. ஈழத்து நூல்கள் தேவையென்றால் முதலில் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். அங்கே காசும் இல்லை, பூட்டும் இல்லை. தங்கச்சிக்கும் அந்த முகவரியை அனுப்பிவிடுங்கள்.