மாலைக் காபியும் இரவுச் சத்தமும்: பதில்

மாலை 5 மணிக்குக் காபி குடித்ததும் மனசு அடங்குகிறது, ஆனால் இரவு 11 மணிக்கு மின்விசிறிச் சத்தமே மண்டையைக் குடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் ஆட்டிசம் உள்ளவன்தான், எனக்கும் அதே கதை.

காபியில் உள்ள ஊக்கப்பொருளான காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் படுக்கும்போது கிட்டத்தட்ட பாதிக் கோப்பை இன்னும் உள்ளே இருக்கிறது! களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் காஃபீன் தடுத்துவிடும். நம்மில் பலருக்கு உடம்பு சொல்வது ஏற்கெனவே சரியாகக் கேட்காது. படபடப்பு காபியாலா பதற்றத்தாலா என்றே எனக்குப் பிடிபடாது.

காபியை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். மொத்தமாக விடுவதென்றால் படிப்படியாக விடுங்கள், இல்லாவிட்டால் தலைவலி பின்னியெடுக்கும். ஒன்று கேட்கணும்: மனச்சோர்வு போன்றவற்றுக்குத் தரும் ஃப்ளூவாக்சமின் மாத்திரை எடுக்கிறீர்களா? அது காஃபீன் கழிவதைப் பல மடங்கு தாமதமாக்கும். அப்படியென்றால் காபிக் கணக்கை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.