கேசட் கையில் இருக்கிறது, பெட்டி எதை வாங்குவது?

இந்த வாரம் டிவி கேம் பற்றிய கடிதங்களே அதிகம். சுருக்கித் தருகிறேன்.

90களில் வாங்கிய மஞ்சள் கேசட்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பழைய பெட்டி போய்விட்டது. புது டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான். எதை வாங்கலாம்?
– வாசகர், பாம்பன்

முதலில் கேசட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளபளக்கும் பட்டைகளை எண்ணினால் பக்கத்துக்கு 30 வரும், மொத்தம் 60. இது ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் பெட்டியின் அளவு. நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவைதான். அதுவே அமெரிக்காவில் 1985-ல் என்இஎஸ் என்ற பெயரில் வந்தது, அந்தக் கேசட்டுக்கு 72 பட்டை. அதற்கு மட்டும் செய்த பெட்டியில் உங்கள் கேசட் பொருந்தாது, இடையில் செருக ஒரு மாற்றி தனியாக வேண்டும்.

உங்களுக்கு 60 பட்டைத் துளையுள்ள மலிவான ஒற்றைச் சில்லுப் பெட்டி போதும். பழைய எந்திரத்தை ஒரே சில்லில் அடக்கியிருப்பார்கள். கேசட்டை நேரடியாகப் படிப்பதால் 'பல ஆட்டம் ஒரே கேசட்' வகையும் பெரும்பாலும் ஓடும். ஒலியில்தான் கோளாறு. நான் வாங்கிய ஒன்றில் மரியோ குதிக்கும் சத்தம் கூட வேறு மாதிரி கேட்டது. வீட்டில் யாருமே அதைத் தொடவில்லை, பணம் போனதுதான் மிச்சம். அதனால் கடையில் சத்தம் வைத்துக் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். ஏவி ஒயர் மட்டும் உள்ள பெட்டி என்றால் எச்டிஎம்ஐ மாற்றியும் சேர்த்து வாங்க வேண்டும். மட்டமான மாற்றியில் பட்டனை அழுத்திக் கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் குதிப்பான்.

கையில் காசு தாராளம் என்றால் எஃப்பிஜிஏ வகை இருக்கிறது. பழைய மின்சுற்றையே புதுச் சில்லில் திரும்பக் கட்டுவது அது. 2016-ல் வந்த ஏவிஎஸ் பெட்டியில் 60, 72 இரண்டு துளையும் உண்டு, எச்டிஎம்ஐயும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள்.

எதுவானாலும் ராமநாதபுரம் பஜாருக்குப் போகும்போது சொந்தக் கேசட் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) ரெட்ரான் 5 என்ற கேம் பெட்டி வாங்கி வருவதாகச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பதெல்லாம் '64 இன் 1' மாதிரி கேசட்டுகள்.
– வாசகி, கீழக்கரை

வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். 2014-ல் வந்த அந்தப் பெட்டி, கேசட்டில் உள்ளதை முழுதாக உள்ளே ஏற்றிக்கொண்டு அப்புறம் மென்பொருளில் ஓட்டுகிறது. பல ஆட்டம் திணித்த கேசட்டில் அது திணறும். அசல் கேசட் வைத்திருப்பவருக்கு உதவும், உங்களுக்கு உதவாது. சபுரில் (வெளிநாட்டில்) சம்பாதித்த காசு, பார்த்துச் செலவழிக்கச் சொல்லுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யுமா?
– வாசகர், ஏர்வாடி

செய்யாது. அது பழைய குண்டு டிவிக்கு மட்டும்.

ஆன்லைனில் '620 ஆட்டம்' பெட்டி வாங்கினேன். கேசட் போடும் மூடி திறக்கவே இல்லையே?
– வாசகர், தொண்டி

அது மூடியே இல்லை, பிளாஸ்டிக்கில் வார்த்த கோடு. ஆட்டங்கள் உள்ளேயே இருக்கும், துளை கிடையாது. நீங்கள் அனுப்பிய விற்பனைப் படங்கள் ஒன்றில்கூடக் கேசட் இல்லை. 'கேசட் போடலாம்' என்று எங்கும் எழுதவும் இல்லை. வாங்கும் முன் ஒரு நிமிடம் படிக்கக்கூடாதா? திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.

2,400 ரூபாய்க்கு வாங்கிய பெட்டியின் அடாப்டர் மூன்றாம் நாளே புகைந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டிக் கடைக்காரர் விரட்டிவிட்டார். நான் கூலி வேலை பார்ப்பவன்.
– வாசகர், மண்டபம்

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அந்த ஒரு வரியால்தான். கல்வெட்டு மாதிரி அதை அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

பெட்டியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். வீடியோ கேம் பெட்டிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். இவை இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். கருகிய அடாப்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. பில்லோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நடந்ததை எழுதிய பிறகு எனக்கு அனுப்புங்கள், மனுவாக்கித் தருகிறேன்.

கேசட்டை எத்தனை ஊது ஊதினாலும் திரை சாம்பலாகவே நிற்கிறது. புதுப் பெட்டியும் சரியில்லையா?
– வாசகர், தங்கச்சிமடம்

ஊதுவதை நிறுத்துங்கள், எச்சில் ஈரம்தான் பட்டையில் ஏறுகிறது. நம் கடற்கரை உப்புக் காற்றில் பட்டை பச்சை பூத்திருக்கும். மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ (துடைக்கும் ஆல்கஹால்) என்று கேட்டால் தருவார்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் செருகிப் பாருங்கள். அப்போதும் சாம்பல் என்றால் வேறு கேசட்டைப் போடுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால்தான் பெட்டியைக் கடைக்குக் கொண்டு போக வேண்டும்.